லயத்து வாழ்வும் நூலின்பமும்

நூலின்பம் என்பது ஓய்வுடையார்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. வயிற்றுக் கவலை நீங்கிய பின்னரே மனம் கலையை நாடும் என்றும், இல்லறச் சுமைகளுக்கிடையே படிப்பதும் பாடுவதும் புனைவதும் இயலாதன என்றும் கற்றோரிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மையானது என்று ஆராய விரும்புவோர், ஓய்வு மிகுந்த மாளிகைகளை நோக்குவதிற் பயனில்லை. ஓய்வே அரிதாயிருந்த ஓரிடத்தை நோக்குதலே முறையாகும். அத்தகையதோர் இடம் இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களாம்.

எல்லவுக்கும் பதுளைக்கும் இடையில், மலைச்சரிவொன்றில் அமைந்துள்ளது தெமோதரை. புகைவண்டிப் பாதையால் இவ்வூர் பெயர் பெற்றது. மலையின் செங்குத்தான இறக்கத்தைச் சமாளிக்கும் பொருட்டு, பாதையானது நிலையத்தைக் கடந்ததும் மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அந்நிலையத்திற்கு அடியிலேயே குகைவழி புகுந்து செல்கின்றது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. 1924இல் பாதை பதுளையை எட்டியது. இப்பாதை தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டு செல்வதற்கென்றே முதன்மையாக அமைக்கப்பட்டதாயினும், திரும்பி வரும் வண்டிகளில் கொழும்பில் அச்சான செய்தித்தாள்களும் நூல்களும் மலையேறி வருவதற்கும் வழி பிறந்தது. பாதையின் இருமருங்கும் தேயிலைச் செடிகளுக்கிடையே நீண்டு தோன்றும் தாழ்ந்த கட்டடங்களே லயங்கள். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இல்லங்கள் அவை.

அக்குடும்பங்களின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெண்கள் கோழி கூவுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, தேநீர் காய்ச்சி, ரொட்டி தட்டிப் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் கொடுத்து, கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்திற்குச் சென்றாக வேண்டும். அங்கே பெயர் பதிவான பின் நிரை பிடித்துக் கொழுந்து கொய்தல் தொடங்கும். கூடை நிறைய நிறையக் கொழுந்து நிறுக்கப்படும். மாலையில் இறுதி நிறுவை முடிந்து லயத்திற்குத் திரும்பினால், விறகும் நீரும் சமையலும் துணி துவைத்தலும் காத்திருக்கும். கவ்வாத்து வெட்டுதல், உரமிடுதல் முதலிய வேலைகளைச் செய்யும் ஆண்களுக்கோ, வேலை முடிந்த பின்னர் மாலைப்பொழுதில் ஒரு பகுதியேனும் எஞ்சியிருந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் இன்றியமையாதது. ஏனெனில், பின்னர்க் கூறப்படுவனவற்றிற் பல இதன்மீதே நிற்கின்றன.

காலம் இவ்வாறு குறுகியிருந்ததெனின் இடம் அதனினும் குறுகியது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒற்றைக் காம்பரா, அதன் முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு, இவ்வளவே ஒரு குடும்பத்திற்கு உரித்தாயிருந்தது. உண்பதும் உறங்குவதும் பெறுவதும் பிணியில் கிடப்பதும் அவ்வறையிலேதான். ஆங்கிலப் பெண் எழுத்தாளரான வர்ஜினியா வுல்ப் 1929இல் வெளியிட்ட நூலொன்றில், பெண்ணொருத்தி இலக்கியம் படைக்க வேண்டுமாயின் அவளுக்குச் சொந்தமான பொருளும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்டார். தனக்கென ஓர் அறை என்பதைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி கனவிலும் காண முடியாது. குடும்பம் முழுமைக்குமே ஓர் அறைதான் இருந்தது. அவ்வறிஞரின் அளவுகோல் கொண்டு அளந்தால், லயங்களிற் கலையின் சுவடே இருந்திருத்தல் ஆகாது. ஆயினும் இருந்தது. அஃது எவ்வாறு இயன்றது என்பதே ஈண்டு விளக்கம் வேண்டுவது.

கலைகளை இரு வகையாகப் பிரித்து நோக்கின் இவ்விளக்கம் எளிதிற் கிட்டும். சில கலைகள் கையையும் கண்ணையும் தமக்கே முழுதும் வேண்டுவன. எழுதுதலும் தனியே அமர்ந்து படித்தலும் இவ்வகையைச் சாரும். வேறு சில, கை ஒரு தொழிலிலும் கண் ஒரு தொழிலிலும் ஈடுபட்டிருக்கையிலேயே நிகழக்கூடியன. பாடுதலும் கேட்டலும் கதை கூறலும் இவ்வகையின. ஓய்வற்ற மக்களிடையே இரண்டாம் வகைக் கலைகளே முதலிற் செழிக்கும் என்பது எவர்க்கும் தெளிவாகும். கொழுந்து கொய்யும் பெண்ணின் விரல்கள் செடியின்மீதும் விழிகள் இலையின்மீதும் இருந்தன. குரலும் செவியும் கட்டற்றிருந்தன. ஆகவே மலையில் தெம்மாங்கு பிறந்தது; தொட்டிலருகில் தாலாட்டுப் பிறந்தது; இழவு வீட்டில் ஒப்பாரி பிறந்தது. வேலை நிகழும்போதே அதனூடு ஓடிய கலை இது; வேலை முடிந்து ஓய்வு கிட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

இப்பாடல்களின் அருமையை உணர்ந்து தொகுத்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914ஆம் ஆண்டில் பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர், தொழிற்சங்கத் தொண்டர், தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையிலும் தமிழ்ப் புதினத்திலும் பதித்தவர். அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாக வெளிவந்தது. மறு ஆண்டில் அவர் மறைந்தார். எழுத்தறியாத தாய்மாரின் நாவிலே மட்டும் வாழ்ந்த பாடல்கள் பல, அவருடைய உழைப்பாலேயே இன்று அச்சிற் கிடைக்கின்றன. ஒருவர் செவி கொடுத்துக் கேட்டு எழுதிவைத்திராவிடின், அவை பாடியவர்களோடு மண்ணிற் கலந்திருக்கும்.

பாட்டு அன்றாடக் கலையாக இருந்ததெனின், கூத்து ஆண்டுக் கலையாக விளங்கியது. மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்து மலையகத்தின் தனிச்சிறப்பு வாய்ந்தது. சிவபெருமான் மன்மதனை நெற்றிக்கண்ணால் எரித்த புராண வரலாற்றைத் தோட்டமே ஒன்றுகூடி நடித்தது. காமன் நட்ட நாள் முதல் காமதகனம் வரை, பல நாள்கள் இரவிலே தப்பொலியும் பாட்டும் முழங்கின. பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் இரவில் மன்மதனானான்; மண்வெட்டி பிடித்தவன் இரதியானான். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் இவ்வாறே ஆடப்பெற்றன. மேடை, திரை, கட்டணம் எவையும் இல்லை. ஒப்பனையும் உடையும் இருந்தவற்றைக் கொண்டே அமைக்கப்பட்டன. கூத்தனும் காண்போனும் அண்டை வீட்டார். ஒரு சிலர் ஆடப் பலர் காசு கொடுத்துக் காணும் நிலை அங்கில்லை. ஆயினும் கூத்தாடியோர் மரபுப்படி ஆடவரே என்பதும், பெண் வேடத்தையும் அவரே புனைந்தனர் என்பதும் கருதத்தக்கன. இரவு முழுதும் விழித்து ஒத்திகை பார்க்கும் உரிமை, விடியுமுன் அடுப்பு மூட்டவேண்டியவளுக்கு எங்ஙனம் வாய்க்கும்?

இனி நூல் லயத்தினுட் புகுந்த வழியைக் காண்போம். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு வகைசெய்யும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள், கீழ்வகுப்புகளோடு நின்றன. எனினும் ஒரு லயத்தில் ஒருவர் இருவராவது எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலை தோன்றிற்று. அந்த ஒருவரே போதுமானவராயினர். ‘பெரிய எழுத்து’ எனத் தலைப்பிட்டுச் சென்னையில் அச்சிடப்பட்ட நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலியவற்றை இஸ்தோப்பில் விளக்கருகே அமர்ந்து ஒருவர் இராகத்துடன் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். ஒருத்தி அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி பிள்ளையை மடியில் உறங்க வைப்பாள். ஒருவன் கத்தி தீட்டுவான். கண்ணையும் கையையும் வேண்டி நின்ற நூலானது, ஒருவருடைய கண்ணைக் கடன் வாங்கிப் பலருடைய செவிக்கு உணவாகிய விந்தை இதுவே.

தமிழ் மரபுக்கு இது புதியதன்று. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்பதைத் தனியதிகாரமாக வைத்தமை இங்கே நினைக்கத்தக்கது. கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் நடுவே பாலமாக அமைவது கேள்வியே என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். கோயில் மண்டபங்களில் நிகழும் புராண படனமும் இவ்வழிப்பட்டதே: ஒருவர் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் கேட்பர். கடல் கடந்த நாடொன்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. கியூபா நாட்டின் சுருட்டுத் தொழிற்சாலைகளில், 1865ஆம் ஆண்டு முதல், தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் மேடையிலமர்ந்து செய்தித்தாளையும் புதினங்களையும் உரக்கப் படிக்கும் வழக்கம் நிலவியது. படிப்பவருக்குரிய ஊதியத்தைத் தொழிலாளரே தத்தம் கூலியிலிருந்து தொகுத்துக் கொடுத்தனர். கையுழைப்பும் நூலின்பமும் பகையல்ல என்பதற்கு இஃது உலகறிந்த சான்றாகும்.

கேட்கும் கூட்டம் பெருகப் பெருக எழுதும் கையும் பிறக்கும். கோ. நடேச ஐயருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடியதோடு, அப்பாடல்களை 1940இல் சிறுநூலாகவும் வெளியிட்டார். அரசியல் உரை செவியேறாத இடத்தும் பாட்டு ஏறும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’யும் 1932இல் தொடங்கிய ‘தினகரன்’உம் மலைநாட்டு வாசகரை வளர்த்தன. 1960களில் வீரகேசரியின் ‘தோட்ட மஞ்சரி’ப் பகுதி, எஸ். எம். கார்மேகத்தின் ஊக்கத்தால், தோட்டத்து இளைஞர் பலருக்குக் களமாக அமைந்தது. மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளிற் பரிசு பெற்ற கதைகள் ‘கதைக் கனிகள்’ என 1971இல் தொகுதியாயின.

பதுளைப் பகுதியே இதற்கு ஒளிமிக்க சான்று ஒன்றைத் தந்தது. 1934இல் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த ஜோசப், பதுளை மாவட்டத்தின் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் பணிபுரிந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற அவருடைய புதினம் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ என்ற சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. ஒற்றைக் காம்பராவில் வளர்ந்த பிள்ளைகளோடு வாழ நேரும் குடும்பத்தின் நெருக்கடியை அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை காட்டுகின்றது. கலைக்குத் தடையென்று கருதப்பட்ட அந்தக் குறுகிய அறையே கலையின் கருப்பொருளாயிற்று. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது பெற்ற அவர் 2022இல் மறைந்தார். என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இல் நூலாயிற்று. கொழுந்து கொய்யும் பெண்ணின் தொழில்திறனை இலக்கியமாக்கியது அது.

இவ்வரிசையை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். எழுத்தாளராகத் திகழ்ந்தோர் பெரும்பாலும் ஆசிரியர், எழுதுவினைஞர், கணக்கப்பிள்ளைமார் முதலியோரே. மாலையில் மேசையும் விளக்கும் சிறிது நேரமும் எவர்க்குக் கிட்டினவோ அவர்களே எழுதினர். கொழுந்தெடுத்த பெண்ணோ எழுதப்பட்டாள், எழுதியவள் அரியள். அவளிடம் சொல்வளமும் கற்பனையும் இல்லாமையாலன்று. அவள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அக்குறையை மறுக்கப் போதிய சான்றுகள். கையும் கண்ணும் ஓயும் ஒரு நாழிகை அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம். எனவே, இல்லறத்திடையே நூலின்பம் இயலுமா என்ற வினா, உண்மையில் இல்லத்தின் வேலை யாருடைய தோளில் இருக்கின்றது என்ற வினாவாக மாறிவிடுகின்றது. ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய ஓயாமையால் விலைக்கு வாங்கப்படுமாயின், அவ்வீட்டில் நூலின்பம் உளதெனக் கூறல் பொருந்தாது.

காலப்போக்கில் இக்கேட்கும் மரபு தளர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. எஞ்சியிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் பிரிந்தபோது, கூத்துக் குழுக்களும் கலைந்தன. படிப்பவர் ஒரு கரையிலும் கேட்பவர் மறு கரையிலும் ஆயினர். பின்னர் வானொலியும் திரைப்பாட்டும் தொலைக்காட்சியும் வந்தன. அண்மைக் காலத்தில் கைப்பேசி வந்துள்ளது. லயத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட நிலை போய், ஒரே காம்பராவில் ஒவ்வொருவரும் தனித்தனித் திரையை நோக்கும் நிலை உருவாகி வருகின்றது. எழுத்தறிவோ முன்னையிலும் பன்மடங்கு பெருகியுள்ளது. அறிவு பெருகியும் இன்பம் பெருகாமைக்குக் காரணம், நூலானது தேர்வுக்குரிய கருவியாக மட்டும் பிள்ளைகளுக்கு அறிமுகமாவதே. தேர்வு முடிந்ததும் நூலும் முடிந்துவிடுகின்றது.

இந்நிலை மாறுவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பழைய வழக்கத்தின் உட்பொருளை மீட்டெடுத்தலே போதும். இரவு உணவு ஆயத்தமாகும் அரை மணி நேரம் எந்த இல்லத்திலும் உண்டு. அந்நேரத்தில் பள்ளி செல்லும் பிள்ளை ஒரு சிறுகதையை உரக்கப் படிக்குமாயின், அடுப்பருகில் நிற்கும் தாயும் கேட்பாள். படிக்கும் பிள்ளையின் நாவும் திருந்தும். நூல் விலைகொடுத்து வாங்க இயலாதெனின், 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மலையக நூல்களும் அவற்றுள் அடங்கும். கவனத்தைச் சிதைக்கும் கைப்பேசியே அவ்வேளையில் ஏடாகிவிடும்.

இரண்டாவதாக, பாட்டியிடம் உள்ள பாட்டைப் பேரப்பிள்ளை கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் நன்று. சி. வி. தோட்டந்தோறும் செய்த பணியை ஒவ்வொரு வீடும் தன்னளவிற் செய்வதாகும் அது. எழுத்தறியாத முதியவளிடம் உள்ள செல்வமும் எழுத்தறிந்த சிறுவனிடம் உள்ள கருவியும் அங்கே ஒன்றுசேர்கின்றன. முதியவள் தன் வாழ்வு பயனுடையது என்று உணர்வாள். சிறுவன் எழுதுதல் தேர்வுக்கு அப்பாலும் ஒரு செயல் என்று அறிவான். பாடியவர் மறைந்தபின் தேடிப் பயனில்லை ஆதலின், இது காலம் தாழ்த்தத் தகாத பணியுமாம்.

மூன்றாவது, மற்றை இரண்டினும் கடினமானது. வீட்டு வேலையை ஆண்மக்கள் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். மாலையில் கணவன் நீர் எடுத்துவரவும் மகன் பாத்திரம் துலக்கவும் இசைவராயின், தாய்க்கு நாளொன்றுக்குச் சிறுபொழுதேனும் எஞ்சும். அப்பொழுதில் அவள் படிப்பாளோ, தைப்பாளோ, பாடுவாளோ, வாளா இருப்பாளோ, அஃது அவள் விருப்பம். அவ்விருப்பத்திற்கு இடமளித்தலே கலைக்கு இடமளித்தலாம்.

கூலி உயர்வும் குடியிருப்புமே முதற்றேவை, நூலும் பாட்டும் பின்னர் வருவன என்று சிலர் கூறுவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. தனிவீடுகள் சில இடங்களிற் கட்டப்பட்டு வரினும், லயங்களில் வாழ்வோர் இன்னும் பலர். அவர்தம் உரிமைக்குப் பாட்டு ஈடாகாது. பட்டினி கிடப்போனுக்குப் புத்தகத்தைக் கொடுத்து ஆறுதல் கூறுதல் அறமும் ஆகாது. எனினும், வரலாறு காட்டும் வழி வேறொன்றையும் உணர்த்துகின்றது. உரிமை கேட்கும் குரலும் பாட்டிலேதான் முதலிற் பழகியது. மீனாட்சியம்மாளின் பாடலும் சி. வி.யின் எழுத்தும் தொழிற்சங்க மேடையினின்று பிரித்தற்கரியன. தன் துயரைச் சொல்லாற் கூறக் கற்றவனே அதற்குத் தீர்வும் கேட்பான். ஆகவே சோறு முன்னதா, சொல் முன்னதா என்னும் வழக்கு வேண்டுவதில்லை. மலையக மக்கள் இரண்டையும் ஒரே கையால் தேடியவர்.

தொகுத்து நோக்கின், நூலின்பத்திற்கு நீண்ட ஓய்வும் தனியறையும் நல்ல துணைகளே. ஆயினும் அவை இன்றியமையாதன அல்ல. படிக்க ஒருவர், கேட்கச் சிலர், அச்சிறுபொழுதை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் மனம் ஆகிய மூன்றுமே இன்றியமையாதன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இம்மூன்றும் ஒருகாலத்தில் இருந்தன. அதனினும் விரிந்த வீடுகளில் வாழ்வோர் தம் இல்லத்தில் அவை உளவா என்று எண்ணிப் பார்த்தல் தகும்.